வடகிழக்குப் பருவமழை: சென்னைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அக்டோபர் பிறந்தால் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரே மாதிரியான சந்தேகங்கள் வரத் தொடங்கிவிடும். தரைத்தளத்தில் இருப்பவர்கள், புதிதாக வாடகைக்கு வந்தவர்கள், பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் பெரியவர்கள் என்று பலரும் கேட்டதை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். கொட்டும் மழையில் எல்லோரும் எச்சரிக்கையாகத்தான் இருக்கிறார்கள். மழை விட்ட பிறகு, வீட்டைக் கழுவி, ஸ்விட்சைப் போட்டு, வண்டியைக் கிளப்பும் அந்த இரண்டு நாளில்தான் கவனம் தளர்கிறது. அதனால் அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

மழைக்காலம்னா எப்பலேர்ந்து எப்ப வரைக்கும் சார்? ஜூன்லயும் மழை பெய்யுதே?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. சென்னைக்கு அது பெரும்பாலும் சாயங்கால இடிமழையாக வந்து போய்விடும். நமக்கு முக்கியம் வடகிழக்குப் பருவமழை. வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்தில்தான் கிடைக்கிறது.

தீபாவளி தாண்டிவிட்டது, நவம்பரும் சும்மா போய்விட்டது என்று நிம்மதியாகிவிட வேண்டாம். 2015 பெருவெள்ளம் டிசம்பர் 1-ஆம் தேதி. வர்தா புயல் 2016 டிசம்பர் 12. மிக்ஜாம் புயல் நகரத்தை மூழ்கடித்தது 2023 டிசம்பர் 4. மூன்றுமே டிசம்பர்தான்.

மஞ்சள், ஆரஞ்சு, ரெட்டுன்னு டிவில சொல்றாங்களே, எதுக்குப் பயப்படணும்?

வானிலை மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 21-க்கு மேல் போனால் அதி கனமழை. பொதுவாக மஞ்சள் என்றால் செய்தியைப் பார்த்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செய்ய வேண்டியதை உடனே செய்யுங்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் பொதுவானது. உங்கள் தெருவின் தாழ்வு மேடு அதற்குத் தெரியாது. 12 செ.மீ. மழை நாள் முழுக்கப் பரவிப் பெய்தால் பல தெருக்கள் தாங்கும். அதே மழை மூன்று மணி நேரத்தில் கொட்டினால் தாங்காது. போன முறை எந்த மழைக்கு உங்கள் வாசற்படி வரை தண்ணீர் வந்தது என்று வீட்டுக்காரரையோ பக்கத்துக் கடைக்காரரையோ கேட்டு வையுங்கள். தாழ்வான தெரு என்றால் ஆரஞ்சு வந்தாலே சிவப்பு வந்ததாக நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

மழைக்கு முன்னாடி வீட்டுல என்னதான் செய்யணும்? பெரிய லிஸ்ட்டா சொல்லாதீங்க.

முதலில் மொட்டை மாடி. தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் இலையும் பிளாஸ்டிக் கவரும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சேர்வது ஏறக்குறைய 22,000 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு பெரிய தண்ணீர் லாரி. குழாய் அடைத்திருந்தால் அத்தனையும் கூரை மேல் நிற்கும். அதே கையோடு மழைநீர் சேகரிப்புத் தொட்டியில் ஜல்லி, மணல் மேல் படிந்த சேற்றையும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், கீழே இருப்பதை மேலே ஏற்றுவது. பத்திரம், ரேஷன் அட்டை, சான்றிதழ்கள் பீரோவின் அடித்தட்டில் இருக்கக்கூடாது. பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள், போனில் படமும் எடுத்து வையுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரை பத்து நாளுக்கு, குடிக்கத் தண்ணீர், டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் இருக்கட்டும். காற்றில் பறக்கக்கூடிய பூந்தொட்டியையும் தகர ஷீட்டையும் மாடியிலிருந்து இறக்கிவிடுங்கள். வர்தா நாளில் காற்று செய்த சேதமே பெரிது.

வீட்டுக்குள்ள தண்ணி வருது, மெயின ஆஃப் பண்ணிட்டேன். அது போதும்ல?

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மெயினை மட்டும் அணைப்பது போதாது. மெயினை அணைத்ததும் கரண்ட் போய்விட்டது என்று இன்வெர்ட்டர் தானாக ஓடத் தொடங்கி, லைட்டுக்கும் ஃபேனுக்கும் போகும் வயரில் மின்சாரத்தை அனுப்பும். எனவே மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைக்க வேண்டும். இன்வெர்ட்டரும் பேட்டரியும் தரையில் இருந்தால் மழைக்காலத்துக்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு உயரமான ஸ்டாண்டில் ஏற்றிவிடுங்கள். மேலும், மெயினுக்கு முந்தைய மீட்டர் பக்கத்து வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும்.

தண்ணீர் பிளக் பாயின்ட்டைத் தொடும் முன்பே அணைத்துவிட வேண்டும். பழைய வீடுகளில் அது தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில்தான் இருக்கும். போர்டுக்குப் போக ஏற்கெனவே தேங்கிய தண்ணீரில் நடந்துதான் போக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால் போகாதீர்கள். வெளியே வந்து, அந்தத் தெருவுக்கு இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்பார்கள் சிலர். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உண்மையிலேயே உயிர் காக்கும் கருவி, இல்லாத வீட்டில் இந்த மாதமே போடுங்கள். ஆனால் அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தால்தான் வேலை செய்கிறதா என்று தெரியும். பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் அதன் வழியாகப் போவதே இல்லை. எலக்ட்ரீஷியனிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

தண்ணி வடிஞ்சிடுச்சு, தெருவுல எல்லா வீட்லயும் லைட்டு எரியுது. நாங்களும் மெயின போடலாமா?

பக்கத்து வீட்டில் எரிகிறது என்பது உங்கள் சுவர் காய்ந்ததற்கு அத்தாட்சி ஆகாது. தண்ணீர் ஏறிய ஸ்விட்ச் பாக்ஸுக்குள்ளும் பைப்புக்குள்ளும் ஈரம் நாள் கணக்கில் நிற்கும். தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியதோ, அதற்குக் கீழே உள்ள பிளக் பாயின்ட் எல்லாவற்றையும் திறந்து பார்த்துக் காயவைக்க வேண்டும். இது எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை.

அவர் சரி என்று சொன்ன பிறகும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் போடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எம்.சி.பி. (போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் உள்ள தனி ஸ்விட்ச்) எல்லாவற்றையும் இறக்கி, மெயினை மட்டும் போட்டு, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எது டிரிப் ஆகிறதோ அந்த லைனை அப்படியே விட்டுவிடுங்கள். மறுபடி மறுபடி ஏற்றிப் பார்ப்பது ஆபத்து. தண்ணீர் புகுந்த ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், சம்ப் மோட்டார் மூன்றையும் மெக்கானிக் பார்க்காமல் போடக்கூடாது. செருப்பு போட்டுக்கொண்டு, காய்ந்த கையோடு, ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

தெருவுல வயர் தொங்குது. கேபிள் டிவி வயர்தான்னு சொல்றாங்க, தள்ளிவிட்டுடலாமா?

வேண்டவே வேண்டாம். கேபிள் டிவி வயராகவே இருந்தாலும் அது மேலே எங்கேயாவது மின்கம்பியில் உரசிக்கொண்டிருக்கலாம். அது விழுந்து கிடக்கும் தண்ணீரிலும் கால் வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஆள் நின்று யாரையும் வரவிடாமல் தடுத்து, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள். தெரு ஓரத்து மின் பெட்டி, தெருவிளக்குக் கம்பம், விளம்பரப் பலகையின் இரும்புக் கால் இவற்றையும் தொடக்கூடாது. நடைபாதை வழுக்கும்போது கை தானாகக் கம்பத்தைப் பிடிக்கப் போகும், பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

தண்ணீரில் ஒருவர் ஷாக் அடித்து விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கத்தான் மனசு பதறும். இணைப்பைத் துண்டிக்காமல் அந்தத் தண்ணீரில் இறங்கினால் இரண்டு பேரையும் இழக்க நேரிடும். முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் தூக்க வேண்டும்.

எங்க அபார்ட்மென்ட்ல லிஃப்ட் இருக்கு. மழையில ஓட்டலாமா?

தண்ணீர் வளாகத்துக்குள் வரும் போலத் தெரிந்தாலே லிஃப்டை மேல் தளத்துக்கு ஏற்றி நிறுத்தி, அதன் மெயினை அணைத்துவிடுங்கள். கீழே உள்ள லிஃப்ட் குழியில்தான் தண்ணீர் முதலில் சேரும். காவலாளியிடம் வாய்மொழியாகச் சொன்னால் அடுத்த ஷிஃப்ட் ஆளுக்குத் தெரியாமல் போகும், எழுதி ஒட்டுங்கள்.

செம்பரம்பாக்கம் தொறந்துட்டாங்களாம். எங்க ஏரியாவுக்குத் தண்ணி வருமா?

மழைக்காலத்தில் அதிகம் பரவும் பீதி இது. உங்கள் வீட்டுத் தண்ணீர் எந்த ஆற்றுக்குப் போகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. உபரி நீர் சிறுகளத்தூர், குன்றத்தூர் வழியாகத் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேரும். அங்கிருந்து அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலுக்குப் போகும். இந்தக் கரையில் இருப்பவர்கள் ஒவ்வோர் அறிவிப்பையும் கவனிக்க வேண்டும்.

எத்தனை கன அடி என்பதையும் பாருங்கள். நொடிக்கு 100, 500 கன அடி என்பது ஏரியைப் பக்குவமாகக் காலி செய்வது. 2015-இல் திறந்தது நொடிக்கு 29,000 கன அடி. இரண்டையும் ஒரே தொனியில் "ஏரி திறந்தாச்சு" என்று குழுவில் அனுப்பினால் ஆற்றங்கரையில் இல்லாதவர்களும் பெட்டி கட்டுவார்கள், உண்மையிலேயே கிளம்ப வேண்டியவர்கள் அடுத்த முறை நம்பமாட்டார்கள். எண்ணையும் நேரத்தையும் சேர்த்து அனுப்புங்கள், இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.

பூண்டி ஏரியைத் திறந்தால் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் போய் எண்ணூரில் கடலைச் சேரும். புழல் உபரியும் மணலி, சடையங்குப்பம் பக்கமாக அந்த ஆற்றுக்குத்தான் போகிறது. வடசென்னைக்காரர்கள் செம்பரம்பாக்கத்தைவிட இவை இரண்டையும் கவனிப்பது நல்லது.

நாங்க வேளச்சேரி. முடிச்சூர்ல என் தங்கச்சி. ஏரி தொறக்காமலே ரெண்டு இடமும் மூழ்குதே, எப்படி?

நல்ல கேள்வி. வேளச்சேரிக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தென்சென்னையின் பல ஏரிகள் ஒன்று நிரம்பி இன்னொன்றுக்குப் போய், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே முட்டுக்காட்டில் கடலில் கலக்கும். ஏரிகளும் சதுப்புநிலமும் சுருங்கி, வெளியேறும் வழியும் குறுகிவிட்டதால் தண்ணீர் ஊருக்குள் நிற்கிறது.

முடிச்சூர் கதை வேறு. செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் சேரும் இடத்துக்கு மேற்பகுதியில் இருக்கும் ஊர் அது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர் வந்தாலே அங்கே வெள்ளம். எனவே உங்கள் தங்கை செம்பரம்பாக்கம் செய்திக்காகக் காத்திருக்கக்கூடாது, தாம்பரம் பக்கம் பெய்யும் மழையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

மழை விட்டு ஒரு நாள் ஆச்சு, இன்னும் வடியல. கார்ப்பரேஷன்காரங்க என்ன பண்றாங்க?

கோபம் நியாயமானதே. வடிகால் தூர்வாராமல் கிடந்தால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு விடாமல் கேளுங்கள். கடல் ஒரு காரணம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சென்னை கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே இருக்கிறது. புயல் நேரத்தில் கடல் பொங்கி நிற்கும்போது அடையாறு, கூவம் முகத்துவாரங்களில் ஆற்றுத் தண்ணீரைக் கடல் உள்வாங்காது. கடல் இறங்கினால்தான் ஆறு வடியும், ஆறு வடிந்தால்தான் கால்வாய் வடியும்.

தெருவுல இருக்கிற சாக்கடை மூடியத் தொறந்துவிட்டா சீக்கிரம் வடிஞ்சிடுமே?

தயவுசெய்து வேண்டாம். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துடையது. இரண்டும் தனித்தனிக் குழாய்கள். பாதாளச் சாக்கடை வீட்டுக் கழிவுக்கு மட்டும் போட்ட அளவு. தெருவெள்ளத்தை அதில் விட்டால் அது நிரம்பி, தாழ்வான வீடுகளின் கழிவறை வழியாக மேலே வரும். உங்கள் தெருவில் வடிந்த தண்ணீர் அடுத்த தெருவில் ஒரு பாட்டி வீட்டுக் கழிவறையில் மலத்தோடு பொங்கும்.

இன்னொன்று, திறந்த குழி வெள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாது. நடந்து வருபவர் உள்ளே போய்விடுவார். மூடி ஏற்கெனவே போயிருந்தால் உயரமான கம்பை நட்டு, சிவப்புத் துணி கட்டி, 1913-க்கும் குடிநீர் வாரியத்தின் 1916-க்கும் சொல்லுங்கள். அடைப்பெடுக்க யாரையும் குழிக்குள் இறக்காதீர்கள். விஷவாயு நொடியில் கொல்லும், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட.

சம்ப்ல வெள்ளத் தண்ணி கலந்துடுச்சு. பிளீச்சிங் பவுடர் போட்டா சரியாயிடுமா?

கலங்கிய தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது. முழுவதையும் வெளியேற்றி, சுவரையும் தரையையும் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் கரைசலால் ஒருமுறை துடைத்து அலசிய பிறகுதான் புதுத் தண்ணீர் விட வேண்டும். மாடித் தொட்டிக்கு ஏற்றியிருந்தால் அதையும் இதே மாதிரி செய்ய வேண்டும். மோட்டார் விஷயத்தில் மேலே மெயின் பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும். மூடியே இருந்த சம்புக்குள் இறங்கும் முன் நன்றாகக் காற்றாட விடுங்கள், தனியாக இறங்கவே கூடாது.

அதுவரை குடிக்க, சமைக்க, பல் தேய்க்க எல்லாவற்றுக்கும் கொதிக்க வைத்த தண்ணீர். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். மாநகராட்சி குளோரின் மாத்திரை கொடுத்தால் உறையில் எழுதிய அளவைப் பின்பற்றுங்கள்.

கேஸ் வாசனை வருது, தண்ணியும் நிக்குது. என்ன செய்ய?

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. அதனால் தரையோடு தங்கும். ஸ்விட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேனும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். வெள்ளம் வரும் முன் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டுவிடுங்கள். காலி சிலிண்டர் தண்ணீரில் மிதந்து குழாயை இழுத்துவிடும்.

வண்டி மூழ்கிடுச்சு. செல்ஃப் அடிச்சுப் பாக்கலாமா?

பார்க்காதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளையும், செலவு பல மடங்காகும். அந்தச் சேதத்தை எஞ்சின் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தால் தவிர பெரும்பாலான காப்பீடுகள் ஏற்பதில்லை. தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் வெள்ளச் சேதத்துக்கே பணம் வராது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, நின்ற இடத்திலேயே படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லி, இழுத்துத்தான் கொண்டு போக வேண்டும். வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் காரை நிறுத்தியதை 2024 அக்டோபரில் எல்லோரும் பார்த்தோம். அவர்கள் பட்ட இழப்பு அப்படி. முடிந்தால் மழைக்கு முந்தின நாளே மேட்டில் இருக்கும் உறவினர் வீட்டில் விட்டுவிடுங்கள்.

தண்ணி வடிஞ்சு ஒரு வாரத்துல வீட்டுல எல்லாருக்கும் காய்ச்சல். கொசுவா, தண்ணியா?

இரண்டுமாக இருக்கலாம். டெங்கு கொசு சாக்கடையில் வளர்வதில்லை. நல்ல தண்ணீரில், ஃப்ரிட்ஜ் பின்புறத் தட்டில், பூந்தொட்டித் தட்டில், டயரில், இளநீர் மட்டையில் வளரும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். முட்டை காய்ந்த பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும், அதனால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டுவதோடு விடாமல் தேய்த்துக் கழுவ வேண்டும். காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். புரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் மோசமான நேரம். விட்டுவிட்டது என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் அன்று வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பாத்ரூம்ல பாம்பு. அடிச்சிடலாமா?

அடிக்கப் போகும்போதுதான் பலர் கடிபடுகிறார்கள். மழையில் வருவதில் பெரும்பாலானவை தண்ணீர்ப் பாம்பும் சாரையும்தான், ஆனால் பார்த்தே முடிவு செய்யும் பழக்கம் நமக்கு இல்லை. கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துணி அடைத்து, தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112. கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். அசையாமல் படுக்க வைத்து 108. அரசு மருத்துவமனைகளில் விஷமுறிவு மருந்து இலவசம்.

தீபாவளிக்கும் மழைக்கும் சேர்த்து ஏதாவது சொல்லுங்க.

தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வெடிக்க நேரம் ஒதுக்குகிறார்கள். நனைந்த வெடியை அடுப்புப் பக்கத்தில் காயவைப்பதும், வெடிக்காததைக் குனிந்து பார்ப்பதும்தான் இந்தச் சமயத்தின் பெரிய ஆபத்துகள். தீக்காயம் பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், பற்பசையும் இங்க்கும் வேண்டாம்.

அப்பா அம்மா தரைத்தளத்துல தனியா இருக்காங்க. நான் பெங்களூர்ல. எப்ப அவங்களக் கிளம்பச் சொல்லணும்?

இருட்டும் முன்பு. இதைவிடத் தெளிவான விதி என்னிடம் இல்லை. இரவில் தண்ணீர் வந்து, கரண்ட் போய், போன் டவரும் படுத்துவிட்டால் எழுபது வயதுக்காரரை இடுப்பளவு தண்ணீரில் அழைத்துவருவது அந்தத் தெரு இளைஞர்களுக்கே கஷ்டம். 2015-இலும் 2023-இலும் பல இடங்களில் போன் வேலை செய்யவில்லை. எனவே போன் பேசித்தான் முடிவெடுப்பது என்ற திட்டமே வேண்டாம்.

இப்போதே மூன்று விஷயத்தைப் பேசி முடியுங்கள். எந்த மேல்மாடி வீட்டுக்குப் போவது, அந்த வீட்டாரிடம் நீங்களே பேசியாயிற்றா, தண்ணீர் எந்தப் படியைத் தொட்டால் கிளம்புவது. "இதெல்லாம் பார்த்ததுதான்" என்று அப்பா சொல்வார். வெள்ளத்துக்காகக் கிளம்பச் சொன்னால் மறுப்பவர்கள், "ஒரு ராத்திரி மேல் வீட்டில் சாப்பிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்" என்றால் ஒத்துக்கொள்கிறார்கள், எங்கள் தெருவில் பல வீட்டில் பார்த்தது. இன்சுலின், மூச்சுக் கருவி, டயாலிசிஸ் தேவைப்படுபவர் என்றால் ஆரஞ்சு எச்சரிக்கை வந்த அன்றே மருத்துவமனைக்கு எட்டும் தூரத்தில் உள்ள வீட்டுக்கு மாற்றுங்கள். சிக்கிக்கொண்டால் மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070 அல்லது மாவட்டத்தின் 1077. உங்கள் பெற்றோரின் கதவு எண், தளம், பக்கத்து அடையாளம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி உங்கள் பர்ஸிலும் வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரிலிருந்து நீங்கள் அழைக்கும்போது, 1070-க்கும் 1077-க்கும் முன்னால் சென்னையின் 044 சேர்க்க வேண்டும்.